நாவின்மேல் ஒரு புழு



இந்த மாதப் பாடத்துக்கு ஓர் ஆமையை எடுத்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் தன் அப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "பாஸ்டர், இந்த ஆமை வாய்க்குள்ள புழு இருக்கு, பாருங்க" என்றான். பார்த்தேன். அன்றிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆமை நம்ம ஊர்க் குளங்களில் கிடையாது. அமெரிக்க தேசத்தின் தென்பகுதியில், மிசிசிப்பி முதலாக மெக்சிகோ வளைகுடாவில் போய் விழுகிற ஆறுகளில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அலிகேட்டர் ஸ்நாப்பிங் டர்ட்டில் என்பார்கள். முதுகு ஓட்டில் முதலை முதுகைப்போல மூன்று வரிசை முகடுகள் எழும்பி நிற்பதால் அந்தப் பெயர். நாம் முதலை ஆமை என்று வைத்துக்கொள்வோம். வட அமெரிக்காவின் நன்னீர் ஆமைகளில் இதுதான் பெரியது. கிழட்டு ஆண் ஆமைகளில் நூறு கிலோவைத் தாண்டியவையும் உண்டு. இரண்டு மூட்டை சிமெண்ட் ஒரு வாயோடு ஆற்றுக்கு அடியில் கிடக்கிறதென்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது மீனைத் துரத்துமா? துரத்தாது. துரத்தினாலும் பிடிக்க முடியாது. என்ன பண்ணும் தெரியுமா? ஆற்றின் அடியில் சேற்றோடு சேறாக, அசையாமல் கிடக்கும். ஓட்டின்மேல் பாசி படர்ந்திருக்கும். கண்ணைச் சுற்றிலும் சதைத் துணுக்குகள் நட்சத்திரம்போல விரிந்து, அங்கே ஒரு கண் இருக்கிறதே தெரியாதபடி செய்யும். வாயைப் பொளந்துகொண்டு கிடக்கும். வாயின் உள்பக்கமும் வெளுப்பாக இராது, சேற்று நிறமாகவே இருக்கும். அந்த இருட்டுக்கு நடுவே, நாக்கின்மேல், இளஞ்சிவப்பாக ஒரு சின்னச் சதை. இரண்டு முனைகள் உள்ளது. அது மட்டும் நெளியும். பார்க்கிறவர்களுக்கு அசல் புழு.

நான் சிறுவனாயிருந்தபோது குளத்தங்கரையில் தூண்டில் போட்டிருக்கிறேன். ஈர மண்ணைக் கிளறி, மண்புழு எடுத்து, முள்ளில் கோத்து, தக்கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். முள்ளை மறைக்கத்தான் புழு. இந்த ஆமைக்கு முள் வேண்டாம், கயிறும் வேண்டாம். புழு அதன் சரீரத்திலேயே இருக்கிறது. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே இருக்கிறது. தாய் ஆமை முட்டையைக் கரையில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போய்விடும், திரும்பி வந்து ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. இருந்தாலும் விரலளவு குஞ்சு தண்ணீருக்குள் வாயைத் திறந்து புழுவை ஆட்டுகிறது. பார்க்கப்போனால் குஞ்சுகளும் இளசுகளும்தான் இப்படி அதிகமாக வேட்டையாடுகின்றன. பெரிய ஆமைகள் இராத்திரியில் ஆற்றின் அடியில் நடந்துபோய், செத்த மீன், நண்டு வகைகள், சிப்பி, நத்தை, சின்ன ஆமை, ஏன், மரத்திலிருந்து விழுந்த கருவாலிக் கொட்டையைக்கூடத் தின்னும்.

இதற்குச் சொந்தமான இன்னொரு ஆமை உண்டு, கனடாவின் தெற்குப் பகுதிவரைக்கும் பரவியிருப்பது. அதன் நாக்கில் புழு கிடையாது. அதற்குப் பாம்பு மாதிரி நீண்ட கழுத்து. சேற்றில் புதைந்திருந்து, இரை கிட்டே வந்ததும் கழுத்தை எறிந்து கவ்வும். தொண்டையை விரிக்க, தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாயும். அது ஒருவிதம்.

நமக்கு முதலை ஆமையே போதும். அதைவிட, அந்த மீனைக் கவனியுங்கள்.

பல பிரசங்கிமார் இந்த ஆமையைக் கண்டவுடனே "இதுதான் பிசாசு" என்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆமை பாவம் செய்யவில்லை. தேவன் அதற்குக் கொடுத்த விதத்தில் ஆகாரம் தேடுகிறது. யாக்கோபு 1-ம் அதிகாரம் 14-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அங்கே "சிக்குண்டு" என்று ஒரு வார்த்தை வருகிறது. வேதாகமக் கல்லூரியில் படித்தபோது கிரேக்க மூலத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. தெலெயாட்சோ என்பது வினைச்சொல். அது தெலெயார் என்ற சொல்லிலிருந்து வந்தது. தெலெயார் என்றால் இரை, தூண்டிலில் வைக்கிற இரை. அதற்கு முன்னால் வருகிற வார்த்தைக்கு மறைவிடத்திலிருந்து வெளியே இழுப்பது என்று பொருள். மீன் பிடிக்கிறவனின் பாஷை! அந்த வசனத்தில் பிசாசின் பெயர் இல்லை. அவன் அதே நிருபத்தில் பிறகு 4-ம் அதிகாரத்தில்தான் வருகிறான். இங்கே வெளியே இழுப்பது அவனவனுடைய சுய இச்சை.

மீன் மடையன் அல்ல. புழு அதன் அன்றாட ஆகாரம். நேற்றும் தின்றது, முந்தாநாளும் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. ஆமை வேறு எதையும் காட்டி அதைக் கூப்பிடவில்லை. பாசி தின்கிற மீன் அந்த வழியே போனால் புழுவைத் திரும்பியும் பாராது. புழுப் பசியுள்ள மீன்தான் கல்லிடுக்கை விட்டு வெளியே வருகிறது. ஆமை ஓர் அடிகூட நகரவில்லையே! அந்தத் தூரம் முழுவதையும் நீந்தியது மீன். கிட்டே வந்ததும் வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். கொக்கிபோல வளைந்த அலகு. சின்ன மீனானால் அப்படியே உள்ளே போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்ல. 2016-ல் நடந்ததை இப்போது எழுதுகிறேன். சபையில் பெரியவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

அப்போது நம்முடைய ஆராதனைக் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. காங்கிரீட் போட வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். வாரநாட்களில் நான் மோட்டார் காயில் கட்டிச் சம்பாதிக்கிறவன், என் கையிலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தச் சமயத்தில் ஒருவர் வந்தார். ஸ்தோத்திரம் சொன்னார். கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு நிதி நிறுவனத்தைப் பற்றிச் சொல்லி, போட்ட பணம் இரண்டே வருஷத்தில் இரட்டிப்பாகும் என்றார். அவர் எனக்குக் கார் காட்டவில்லை, பங்களா காட்டவில்லை. காட்டியிருந்தால் எழுந்து போங்கள் என்றிருப்பேன். அவர் காட்டியது கூரை. நான் எதற்காக முழங்காலில் நின்றேனோ, அதையே காட்டினார். நாற்பதாயிரம் ரூபாய் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். அறிவிப்பு நேரத்தில் அதைச் சபையிலும் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். இரண்டு குடும்பத்தார் போட்டார்கள். அதில் ஒருவர் விதவைத் தாயார், மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலியை விற்றுப் போட்டார். எட்டு மாதத்தில் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "நீங்க போட்டீங்கன்னுதானே பாஸ்டர் நானும் போட்டேன்" என்று மாத்திரம் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

தெலெயாட்சோ என்ற அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது. ஒன்று யாக்கோபு. மற்ற இரண்டும் இரண்டாம் பேதுரு 2-ம் அதிகாரத்தில், 14-லும் 18-லும். யாக்கோபில் மனுஷன் மீன். பேதுருவிலோ மனுஷனே மற்றவர்களுக்கு இரை வைக்கிறவன். கள்ளப் போதகரைப் பற்றி எழுதிய அதிகாரம் அது. நான் கள்ளப் போதகன் அல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஆமையின் வாய்க்குள் நெளிகிற புழுவைப் பாருங்கள். அதற்குக் கடிக்கத் தெரியாது. அதற்குப் பல் இல்லை, அலகு இல்லை. வந்த மீனை அது தின்னவும் இல்லை. அது சும்மா அசைந்தது, அவ்வளவுதான். அந்த நபருக்கு நம்முடைய சபையில் ஒரு புழு தேவைப்பட்டது. விசுவாசிகள் பார்த்துப் பழகின முகமாக, பயப்படாத முகமாக இருக்க வேண்டும். அறிவிப்பு நேரத்தில் அசைந்தது என் நாக்கு.

அந்தத் தாயாருக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்கள், வைத்துவிட்டு வந்தேன். 2021-ல் முடிந்தது. மகளின் கல்யாணம் அதற்கு முன்னாலேயே, சங்கிலி இல்லாமலே நடந்துவிட்டது. அது முதல் நம் சபை மேடையிலிருந்து யாருடைய பணத் திட்டத்தையும், நல்ல திட்டமானாலும் சரி, அறிவிக்கிறதில்லை. ஏன் என்று சிலர் வருத்தப்பட்டுக் கேட்கிறீர்கள். இதுதான் காரணம்.

போன வாரம் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு முதலில் நடத்திப் பார்த்தேன். போன் கொண்டுவந்த அதே தம்பி கை தூக்கினான். "பாஸ்டர், அந்த ஆமைய யாராவது பிடிப்பாங்களா?"

பிடிப்பார்கள். அதன் கறிக்காக ஏராளமாகப் பிடித்திருக்கிறார்கள். அது முட்டையிடும் பருவத்துக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், ஆகையால் பிடித்த அளவுக்குப் பெருகவில்லை. லூசியானா மாநிலம் வியாபாரத்துக்காகப் பிடிப்பதை 2004-ல் நிறுத்தியது. சுவானி என்ற ஆற்றில் மாத்திரம் இருக்கிற ஒரு வகையை 2024-ல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்துள்ள உயிர்களின் சட்டப் பட்டியலில் சேர்த்தது. எப்படிப் பிடித்தார்கள் என்றால், இரை வைத்துத்தான். கூண்டு வலைக்குள் மீனை வைத்துப் பிடித்தார்கள். ஆற்றின் குறுக்கே நீளக் கயிறு கட்டி, அதில் வரிசையாக முட்களைத் தொங்கவிட்டு, மீன் துண்டு கோத்து வைப்பதும் அங்கே வழக்கம். வேறு மீனுக்காகப் போட்ட அந்த முள்ளை ஆமையும் விழுங்கிவிடுகிறது. மூச்செடுக்க மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் தூண்டில் முள்ளோடு உயிரோடிருந்த ஆமைகளும் உண்டு.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "அதோட வாய்லயே தூண்டில் இருக்கே பாஸ்டர், அதுக்கு இன்னொருத்தர் தூண்டில் தெரியாதா?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.