கணினிக்குள் ஒரு சந்தூர்



சந்தூர் என்றதும் உங்களுக்குச் சோப்புதான் ஞாபகம் வரும். போன வருஷம் வரை எனக்கும் அப்படித்தான். ஆனால் சந்தூர் என்பது காஷ்மீரத்து இசைக்கருவி. இன்று இசையமைப்பாளர்கள் அந்தக் கருவி பக்கத்தில் இல்லாமலேயே, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திச் சந்தூர் ஒலியை வரவழைக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது? நம் டிப்ளமோ பாடத்தில் படித்ததை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கருவி எப்படிப்பட்டது?

சந்தூர் ஒரு மரப்பெட்டி. மேலிருந்து பார்த்தால் கணக்குப் பாடத்தில் வரும் சரிவகம் போல இருக்கும். பழைய காஷ்மீர் சந்தூரில் 25 குதிரைகள் உண்டு. வீணையில் கம்பியைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்கிறோமே, அதேதான். ஒவ்வொரு குதிரை மேலும் 4 கம்பி, ஆக மொத்தம் 100 கம்பி. இதை மீட்டுவது கிடையாது. நுனி வளைந்த இரண்டு மெல்லிய மரக்குச்சிகளால் தட்டி வாசிக்க வேண்டும். இரானிலும் இதன் உறவுக் கருவி இருக்கிறது. அதில் 72 கம்பி.

காஷ்மீரில் சூஃபி இசைக்குத் துணையாக இருந்த இந்தக் கருவியைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் ஜம்முவில் 1938-இல் பிறந்த பண்டிட் சிவகுமார் சர்மா. குதிரைகளின் அமைப்பை மாற்றினார், சுருதி சேர்க்கும் முறையை மாற்றினார், கருவியை மடியில் வைத்து வாசித்தார். "இதில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாதே" என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர் குச்சியைக் கம்பி மேல் மென்மையாக உரசி அதிரவிட்டு, ஒலி தொடர்ந்து வருவது போலச் செய்து காட்டினார். 2022-இல் மறைந்தார்.

சாம்பிளிங் என்றால் என்ன?

ஒலி ஒரு அனலாக் அலை. அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து எண்ணாக மாற்றுவதுதான் சாம்பிளிங். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நைக்விஸ்ட் விதிப்படி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அதனால்தான் சி.டி.யில் விநாடிக்கு 44,100 முறை. இப்படிப் பதிவு செய்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்கும் ஃபேர்லைட் என்ற கருவி 1979-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. 1983-இல் மிடி வந்தது. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அது அனுப்பும்.

அப்படியானால் ஒரே ஒரு அடியைப் பதிவு செய்து எல்லாக் கட்டைக்கும் வைத்துவிட்டால் போதாதா? போதாது. காரணங்கள் மூன்று.

1. ஒரு ஸ்தாயி மேலே கொண்டு போக ஒலியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். 8 விநாடி நீடித்த ஒலி 4 விநாடியில் முடிந்துவிடும். மரப்பெட்டியின் குணமும் மாறிப்போகும்.

2. மெல்லத் தட்டிய ஒலியைச் சத்தமாக வைத்தால் பலமாகத் தட்டியது ஆகாது. பலமாகத் தட்டும்போது மேல் அதிர்வெண்கள் அதிகம் எழும். ஒலியின் சாயலே வேறு.

3. சந்தூரில் ஒரே ஸ்வரத்தை இரண்டு குச்சியாலும் படபடவென்று தட்டுவார்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் துப்பாக்கி சுடுவது போலக் கேட்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். 3 ஸ்தாயிக்கு 36 ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் 4 அளவு பலம். ஒவ்வொரு பலத்திலும் 3 தனித்தனி அடி. வலக்கை, இடக்கை என்று 2. பெருக்கினால் 864 அடி. ஸ்டீரியோவில், 16 பிட்டில் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட்டு. ஒரு அடிக்கு 8 விநாடி என்றால் மொத்தம் சுமார் 122 கோடி பைட்டு! ஆனால் பைட்டு பெரிய விஷயமில்லை. சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து அந்த 864 அடியையும் ஒரு மனிதர் அடிக்க வேண்டும். அதுதான் பெரிய விஷயம். இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் சோதனை

சந்தூருக்கு நாங்கள் எங்கே போவது? எங்க அப்பா பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைதான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஒரு பலகையில் இரண்டு ஸ்டீல் கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவரப் பார்த்தோம். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 442. உடனே விநாடிக்கு இரண்டு விம்மல்! பத்தாவது தாண்டி இயற்பியலில் மனப்பாடம் செய்த விம்மல் சி.ஆர்.ஓ. திரையில் மூச்சு விடுவது போல ஏறி இறங்குவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது பதிவு. நான் அடித்த மெல்லிய அடி மூன்றும் மூன்று விதமாக வந்தது. "தள்ளுடா" என்று அப்பா குச்சியை வாங்கினார். மெல்ல, அதற்கு மேல், இன்னும் மேல், பலமாக என்று நான்கு அளவில், அளவுக்கு மூன்றாகப் பன்னிரண்டு அடி. திரையில் பார்த்தால் அந்த நான்கு அளவும் படிக்கட்டு போல இருந்தன. முப்பது வருஷம் சுத்தி பிடித்த கை அது.

பிறகு கணினியில் கோர்த்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

"இது மிஷின் அடிடா. கை அடி இல்ல."

மூன்று பதிவையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது பரவால்ல. ஆனா மூணு அடிக்கு ஒருதரம் மொத அடியே திரும்ப வருது பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரோகிராம் எழுதிய எனக்கே அது காதில் படவில்லை!

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அப்பா வேலை பார்த்த பட்டறையில் நான் ஏழாவது படிக்கும்போது பிரஸ் மிஷின் வந்தது. பதினோரு பேர் தட்டிய இடத்தில் இரண்டு பேர் போதும் என்றார்கள். அப்பா அந்த இரண்டு பேரில் இல்லை. அதிலிருந்து கிடைத்த இடத்தில் ஈயம் பூசுவது, ஒட்டுப் போடுவது என்று போகிறார். அவர் கேட்டார்: "அந்த பிரஸ் மிஷின் அது பாட்டுக்கு அடிச்சுது. இது அடிக்கிறவன் அடியையே எடுத்து வச்சுக்குதே, அவனுக்கு என்ன குடுப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை.

கணினியால் எது முடியும், எது முடியாது?

ஊர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு பையன் சந்தூரைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு இசை எழுதிப் பழகலாம். இது பெரிய நன்மை, மறுக்க முடியாது. ஸ்வரத்தையும் திருத்தலாம். கீபோர்டில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். 5/4 விகிதத்தில் வரும் சுத்தமான காந்தாரம் 386 சென்ட். அந்த 14 சென்டைக் கணினியில் குறைத்துவிடலாம். கட்டையிலிருந்து விரலை எடுத்தாலும் ஒலி நிற்காமல் அடங்கும்படி செய்யலாம்.

ஆனால் ஒரு கம்பியைத் தட்டினால் தட்டாத கம்பிகளும் ஒத்ததிர்வால் கூடவே முனகும். எந்தக் கம்பி எவ்வளவு முனகும் என்பது அதற்கு முன்னால் எதைத் தட்டினோம் என்பதைப் பொறுத்தது. தனித்தனி அடிகளைச் சேர்த்து இதை முழுதாகக் கொண்டுவருவது கஷ்டம். குச்சியை உரசும் அந்த நுணுக்கமும் அப்படித்தான். பதிவில் இருப்பது அடி. அடுத்த அடி எங்கே, எப்போது என்று முடிவு செய்கிற ஆள் பதிவில் இல்லை.

முடிவாக

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை இந்த வேலைக்கே போகலாம். அப்போது இரண்டு காரியம் மறக்க வேண்டாம். ஒன்று, அடித்துக் கொடுப்பவருக்கு என்ன கூலி, எத்தனை வருஷத்துக்கு என்பதை மைக்கை வைக்கும் முன்பே எழுத்தில் பேசிவிடுவோம். இரண்டு, அவர் பெயரை மறைக்காமல் போடுவோம். கையில் காசு சேர்ந்தால், பாட்டுக்கு நிஜச் சந்தூர்க்காரரையே கூப்பிடுவோம்.

எங்கள் பன்னிரண்டு அடியும் லேப் கணினியில் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதில் முதல் வரியில் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் படித்துக் காட்டினேன். "இன்ஷியலை விட்டுட்டியே" என்றார். சேர்த்துவிட்டேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை