சாம்பா ஏன் தானாக எழவில்லை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

ஓர் ஆய்வகத்தில் எத்தனை கணிப்பொறிகள் இருந்தாலும், கோப்புகளை ஓரிடத்தில் வைத்து எல்லோரும் எடுத்தாளும் வசதி இருந்தால்தான் வேலை நடக்கும். வீட்டில் கணிப்பொறி உள்ள மாணவர் தம் நிரலுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்வார். அவ்வசதி இல்லாத மாணவருக்கோ, சர்வரில் உள்ள அந்தப் பொதுக் கோப்புறையே நோட்டுப் புத்தகம். மின்சாரம் போய் வந்த பின் சர்வர் எழுந்துவிடுகிறது. கோப்புப் பகிர்வு மட்டும் எழவில்லை. யாரேனும் வந்து கையால் ஒரு கட்டளை இட்டதும் அது குறையின்றி ஓடுகிறது. அடுத்த மின்தடைக்குப் பின் மீண்டும் அதே கதை. லினக்ஸ் சர்வர்களில் அடிக்கடி காணப்படும் இக்குறையின் காரணத்தையும் தீர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாம்பா என்பது யாது?

விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் நெறிமுறை எஸ்.எம்.பி. என்பதாகும். இதனை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கினார். விண்டோஸ் அல்லாத கணிப்பொறியும் இந்நெறிமுறையைப் பேசுமாறு செய்தவர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். அவர் எழுதிய நிரலே பின்னர் சாம்பா எனப் பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் இவ்வரிசையில் வரும் சொல்லைச் சொற்பட்டியலில் தேடி இப்பெயரைக் கண்டெடுத்தார் என்பது சுவையான செய்தி.

சாம்பாவில் நாம் அறிய வேண்டிய பணியாளர் இருவர். எஸ்.எம்.பி.டி. என்பது கோப்புகளை வழங்குவது; 445, 139 ஆகிய போர்ட்டுகளில் காத்திருப்பது. என்.எம்.பி.டி. என்பது பழைய நெட்பயாஸ் முறையில் பெயர்களைக் கவனிப்பது; 137, 138 ஆகிய போர்ட்டுகளைக் கையாள்வது.

எழும் வரிசை

லினக்ஸ் எழும்போது எந்தப் பணியை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்வது இன்று பெரும்பாலும் சிஸ்டம்-டி என்னும் நிரலாகும். 2010இல் வெளிவந்த இது, 2015 முதல் டெபியன், உபுண்டு ஆகியவற்றிலும் வழக்கமான தொடக்க நிரலாயிற்று. பழைய முறையில் பணிகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. சிஸ்டம்-டியோ இயன்றவரை பல பணிகளை ஒரே நேரத்தில் தொடங்குகிறது. அதனால் விரைவு கிடைக்கிறது. ஆயின், எது எதற்குப் பின் என்பதை நாம் சொல்லாவிட்டால் அது தானாக ஊகித்துக்கொள்ளாது. நம் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

ஆராயும் முறை

செய்முறை வகுப்பில் ஒரே நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அம்முறையே ஏற்றது.

முதலாவதாக, அப்பணி தானாகத் தொடங்குமாறு பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். 'ஸ்டார்ட்' என்னும் கட்டளை அப்போதைக்கு மட்டும் ஓட்டும். 'எனேபிள்' என்பதே அடுத்த முறை எழும்போதும் ஓடுமாறு பதிவு செய்யும். சாம்பாவின் பணிப்பெயர் டெபியனில் எஸ்.எம்.பி.டி.; ஃபெடோராவில் எஸ்.எம்.பி. இவ்வேறுபாட்டையும் நினைவிற்கொள்க.

இரண்டாவதாக, 'டெஸ்ட்பார்ம்' கட்டளையால் அமைப்புக் கோப்பில் பிழை உண்டா எனப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, 'ஜர்னல்-சி.டி.எல்.' கட்டளையால் இம்முறை கணிப்பொறி எழுந்தபோது அப்பணி என்ன சொன்னது என்று படிக்க வேண்டும். பலர் தாண்டிச் செல்லும் படி இதுவே. விடை பெரும்பாலும் இங்கேதான் எழுதியிருக்கும்.

பதிவு சரி, அமைப்புக் கோப்பும் சரி, கையால் தொடங்கினால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோற்ற தொடக்கத்துக்கும் வென்ற தொடக்கத்துக்கும் இடையே மாறியது என்ன? காலம் ஒன்றே. ஆகவே குறை சாம்பாவில் இல்லை. அது எதற்காகக் காத்திருக்க வேண்டுமோ அதற்காகக் காத்திராததில் உள்ளது.

காரணம் ஒன்று: வலையமைப்பு

சிஸ்டம்-டியில் 'நெட்வொர்க் டார்கெட்', 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்' என இரு நிலைகள் உண்டு. பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. முன்னது, வலையமைப்பைக் கவனிக்கும் நிரல் தொடங்கிவிட்டது என்று மட்டுமே பொருள்படும். முகவரி கிடைத்துவிட்டது என்று பொருள்படாது. பின்னதே இணைப்பு ஆயத்தமாகும்வரை காத்திருப்பது.

முகவரி வருமுன் தொடங்கும் என்.எம்.பி.டி., ஓர் இணைப்பு தோன்றட்டும் என்று காத்து நிற்கலாம். சிஸ்டம்-டி வழக்கமாகத் தரும் 90 விநாடி அவகாசம் முடிந்தால் அது நிறுத்தப்படும். எஸ்.எம்.பி.டி.யின் நிலை இன்னும் ஏமாற்றக்கூடியது. குறிப்பிட்ட இணைப்புகளில் மட்டும் பணி செய் என்று அமைத்திருந்தால், அது கணிப்பொறி தன்னோடு தானே பேசும் லூப்பேக் முகவரியில் மட்டும் அமர்ந்துவிடலாம். நிலையைக் கேட்டால் 'ஆக்டிவ்' என்றே காட்டும். வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியாது. 'எஸ்.எஸ்.' கட்டளையால் எந்த முகவரியில் அது காத்திருக்கிறது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

காரணம் இரண்டு: வட்டு

பகிரப்படும் கோப்புறை தனி வட்டில் இருந்து, அவ்வட்டு இணையுமுன் சாம்பா எழுந்தால், பயனர் காண்பது வெறுங் கோப்புறை. கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்சுவர், ஆனால் அழிந்திரா. இதனினும் தீது ஒன்றுண்டு. அந்நேரத்தில் எழுதப்படும் புதிய கோப்புகள் முதன்மை வட்டில் சேர்ந்து, தனி வட்டு அதே இடத்தில் இணைந்ததும் அதன் அடியில் மறைந்துபோகும். மாணவர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு இவ்வாறு காணாமற்போக இடமுண்டு.

தீர்வு

முப்பது விநாடி தூங்கிவிட்டுத் தொடங்கு என்று எழுதிவைப்பது சிலர் கையாளும் வழி. அது ஒரு நாள் போதும். மற்றொரு நாள் போதாது. நேரத்துக்காகக் காத்திருப்பது வேறு, நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பது வேறு.

'சிஸ்டம்-சி.டி.எல். எடிட்' கட்டளையால் அப்பணிக்குத் தனியே ஒரு துணைக்கோப்பு அமைத்து, நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' ஆகிய இரு வரிகளிலும் குறிக்க வேண்டும். மூலக்கோப்பையே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் அழிந்துபோகும். இரு வரிகள் எதற்கு? பந்தியை நினைத்துப் பாருங்கள். 'ஆஃப்டர்' என்பது, இலை போடுகிறவர் வந்தால் அவருக்குப் பின் பரிமாறு என்பது. 'வான்ட்ஸ்' என்பது, இலை போட ஆளை அழை என்பது. முதலாவது மட்டும் இருந்து ஆளை யாருமே அழைக்காவிட்டால், வெறுந்தரையில் சோறு விழும்!

சில வெளியீடுகளில் இவ்வரிகள் முன்னரே உள்ளன. அப்போது, இணைப்புக்காகக் காத்திருக்கும் 'வெயிட்-ஆன்லைன்' பணி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது முடக்கப்பட்டிருந்தால் இவ்வரிகளால் பயனில்லை. வட்டுக்கு, 'ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' என்று எழுதி அக்கோப்புறையின் பாதையைத் தந்தால், வட்டு இணைந்த பின்னரே சாம்பா எழும்; இணையாவிடில் எழாது. வெறுங் கோப்புறையைக் காட்டுவதைவிட எழாமல் இருப்பதே மேல்.

இதற்கு விலையும் உண்டு. கேபிள் கழன்றிருந்தால் கணிப்பொறி எழத் தாமதமாகும். அதை விரும்பாதவர், குறிப்பிட்ட இணைப்புகளில் மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கி, எஸ்.எம்.பி.டி.யை எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் செய்யலாம். முகவரி பின்னர் வந்தாலும் அது ஏற்கும். ஆனால் அந்நியர் நுழையாதபடி ஃபயர்வாலை அமைப்பது அப்போது இன்றியமையாதது.

திருத்திய பின் கணிப்பொறியை அணைத்து மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டும். கையால் தொடங்கிப் பார்ப்பது இங்குச் சோதனை ஆகாது. அது முன்னரும் ஓடியதே!

முடிவுரை

லினக்ஸும் சாம்பாவும் சிஸ்டம்-டியும் மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பவை. அவற்றின் விளக்கக் குறிப்புகள் 'மேன்' என்னும் கட்டளையில் காத்திருக்கின்றன. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவருக்கும் அறிவின் கதவு இங்கே திறந்தே இருக்கிறது. தினமும் கையால் இயக்கிச் சமாளிப்பதை விட்டு, ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பதிவைப் படித்தால் போதும். காலையில் முதலில் வரும் மாணவருக்கும் தம் கோப்பு கிடைக்கும்.