ஃபாரின் வொர்க்கர்களை நிர்வகிக்கும் ஹெச்ஆர் வேலையா? மார்க்கெட் மதிப்பை ஏற்றும் வழிகள்

சிங்கப்பூர் கட்டுமான கம்பெனிகளில் ஹெச்ஆர் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ‘எம்ஓஎம் விதிகள் அத்துபடி’ என்று எழுதுகிறார்கள். மனிதவள அமைச்சின் அந்த விதிகள் வெப்சைட்டிலேயே கிடக்கின்றன; அதற்காக யாரும் கூடுதல் சம்பளம் தரமாட்டார்கள். வந்த தொழிலாளி பக்கத்து கம்பெனிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்குத்தான் கிராக்கி.

1. கோட்டாவை வாரந்தோறும் பாருங்கள். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் முழுநேர உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு 5 வொர்க் பெர்மிட்தான். ஆபீஸ் அட்மின் ஒருவர் ராஜினாமா செய்தால், சைட்டில் ஐந்து பேருடைய ரினியூவல் ஆட்டம் காணலாம். அதனால் உள்ளூர் ஊழியர்களில் யார் வேறு வேலை தேடுகிறார் என்று மோப்பம் பிடிப்பதும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

2. ஆள் விமானம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். தலைவலி தொடங்கும் இடம் இதுதான். ஊரில் ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, வேலை அனுமதிக்கு முன் ஒப்புதல் தரும் ஐபிஏ கடிதத்தில் இருப்பது வேறொன்று. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி வருகிறவர், ‘ஓவர்டைம் சேர்த்து இவ்வளவு’ என்ற வாய்க்கணக்கை நம்பித்தான் கடன் பட்டிருப்பார். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் முகம் மாறும். பிறகு நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எடுபடாது. ஐபிஏ அவருடைய தாய்மொழியில் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வீடியோ காலில் அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள், தங்குமிடம் மூன்றையும் வரி வரியாகச் சொல்லுங்கள். ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்றும் கேளுங்கள்.

பதிலில் உங்கள் கம்பெனி சூப்பர்வைசரின் பெயர் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது கிக்பேக். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொழிலாளி சொன்னதை எழுத்தில் மேலே அனுப்பி, காப்பி வைத்துக்கொள்ளுங்கள். விவகாரம் வெடித்தால் ‘ஹெச்ஆருக்குத் தெரியாதா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

3. பேஸ்லிப்பில் சமரசம் வேண்டாம். சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணம். ஓவர்டைம் குறைந்தது ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. தொழிலாளிகள் தங்கள் மணிக்கணக்கைப் போனிலோ டைரியிலோ குறித்து வைக்கிறார்கள். உங்கள் டைம்கார்டோடு அது ஒத்துப்போகாவிட்டால், அன்று இரவே டார்மெட்ரி முழுக்கச் செய்தி பரவிவிடும்.

4. பயிற்சியை லெவி மொழியில் பேசுங்கள். ‘ஸ்கில் டெவலப்மென்ட்’ என்றால் முதலாளி கொட்டாவி விடுவார். அடிப்படைத் திறன் நிலையிலுள்ள இந்திய, பங்களாதேஷ் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. ஆர் 1 என்ற உயர்திறன் நிலைக்கு ஏறினால் 500. இருபது பேரை ஏற்றினால் ஆண்டுக்கு 96,000 வெள்ளி மிச்சம். இந்தக் கணக்கை ஒரே ஸ்லைடில் போடுங்கள்; அடுத்த அப்ரைசலில் உங்கள் பெயர் அடிபடும்.

5. பெர்மிட் காலாவதித் தேதிகளை உங்கள் போட்டியாளரும் எண்ணிக்கொண்டிருக்கிறார். கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய கம்பெனியின் சம்மதமில்லாமலே தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆகவே மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கடன் அடைந்ததா, ஊருக்குப் போக லீவ் வேண்டுமா, ஃபோர்மேனோடு உரசலா என்று கேளுங்கள். பல நேரம் ஐம்பது வெள்ளி இன்க்ரிமென்டைவிட ஃபோர்மேனை மாற்றிக் கொடுப்பது ஆளை நிறுத்தும். 2025 ஜூலையில் வொர்க் பெர்மிட்டுக்கான அதிகபட்சப் பணிக்கால வரம்பும் நீங்கிவிட்டது. நீங்கள் பழக்கிய ஆள் பல ஆண்டு உழைக்கப்போவது உங்கள் சைட்டிலா, எதிராளி சைட்டிலா என்பதுதான் போட்டி.

6. இன்டர்வியூவுக்கு மூன்று எண்களோடு போங்கள்: நீங்கள் கையாண்ட ஆட்களில் எத்தனை பேர் ரினியூ செய்தார்கள், எத்தனை சம்பளப் புகார் வந்தது, லெவியில் எவ்வளவு மிச்சமானது. ‘பீப்பிள் பெர்சன்’ என்ற வரியை ரெஸ்யூமேயிலிருந்து அழித்துவிடலாம்.