பகை முளைக்குமுன் நட்பை விதைப்போம்

களை மண்டியபின் பறிப்பதைவிட, விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துவதே மேல் என்பதை உழவர்கள் நன்கறிவர். ஊர் ஒற்றுமைக்கும் இதுவே முறை. மதப்பகை மூண்டபின் பெரியோர் கூடிச் செய்யும் சமரசத்தைவிட, இளமையிலேயே பிள்ளைகளின் உள்ளத்தில் ஊன்றப்படும் நேசம் உறுதியானது. அதனை ஊன்றுவது எவ்வாறு? தமிழ் பேசும் மக்களிடையே நடைபெற்ற ஒரு முயற்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ளது மட்டக்களப்பு. இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான தமிழரும், முஸ்லிம்களும் அங்கு அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இரு சாராரும் பேசுவது தமிழே. தங்கள் உறவு 'புட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று அவ்வூரார் கூறுவதுண்டு. உள்நாட்டுப் போர் இவ்வுறவைக் குலைத்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் பெண்டு பிள்ளைகளோடு கொல்லப்பட்டனர். பக்கத்து ஊரைக் கண்டு அஞ்சியே குழந்தைகள் வளரலாயினர்.

இந்நிலையில் 1996-ஆம் ஆண்டு, இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அவர்களும் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன் அவர்களும் மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா'வை நிறுவினர். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து சிறுவர் சிறுமியர் பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். களிமண் பிசைதல், ஓவியம் தீட்டுதல், கதை புனைதல், நாடகமாடுதல், செடி வளர்த்தல் ஆகியவையே அங்குப் பாடங்கள். உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டினர். இஃது ஒருநாள் விழாவன்று. அதே பிள்ளைகள் பல மாதங்கள் திரும்பத் திரும்பக் கூடினர். கூடி வேலை செய்த பழக்கத்தால் அச்சம் நீங்க வழி பிறந்தது.

எனினும், பகை முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூற இயலாது. 2009-இல் போர் முடிந்தபின்னும், 2019 ஏப்ரல் 21-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் குழந்தைகளும் மாண்டனர். ஆகவே இப்பணி ஒருமுறை செய்து முடிப்பதன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் செய்ய வேண்டுவது.

இப்பாடம் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கும் உரியதே. அப்போரினால் வீடிழந்து வந்த குடும்பங்கள் கும்மிடிப்பூண்டியிலுள்ள மறுவாழ்வு முகாமில் வாழ்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளிலும், மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவர் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளரும் ஊரிலிருந்த அவர்தம் குடும்பத்தாரும் அஞ்சினர். பழக்கமில்லாத மக்களிடையே வதந்தி எத்துணை விரைவாக வேரூன்றுகிறது என்பதற்கு இதுவே சான்று.

எனவே, ஊராட்சிகள் பின்வரும் நான்கு காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவுடன் கலந்து, பள்ளித் தோட்டம் ஒன்று அமைத்தல். ஊர்ப் பிள்ளைகள், முகாம் பிள்ளைகள், தொழிலாளர் பிள்ளைகள் மூவரும் ஒரே பாத்தியில் வாரந்தோறும் வேலை செய்யுமாறு குழுக்களைப் பிரிக்க வேண்டும். உள்ளூர் உழவர் ஒருவர் கற்றுத் தரலாம்.

இரண்டாவது, பிள்ளைகளைப் பழவேற்காட்டிற்கு அழைத்துச் செல்லுதல். ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பள்ளிவாசல்கள், மகிமை மாதா ஆலயம் ஆகிய யாவும் அவ்வூரிலேயே உள்ளன. அந்தந்த இடத்தில் வழிபடுவோரே அதைப் பற்றி எடுத்துரைப்பது நலம்.

மூன்றாவது, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் வரும் நாள்களில், தம் வீட்டில் நடப்பதை அவ்வீட்டுப் பிள்ளையே வகுப்பில் சொல்லச் செய்தல். எந்தப் பிள்ளையையும் பிறர் வழிபாட்டில் பங்கு கொள்ளுமாறு வற்புறுத்தலாகாது.

நான்காவது, வதந்தியை ஆராயப் பழக்குதல். ஒரு செய்தி வந்தால், "கண்டவர் யார்? எந்த இடம்? எந்த நாள்?" என்று கேட்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு வரவேண்டும். பெரியோரும் கிராம சபையில் இவ்வாறே கேட்பாராயின், பிள்ளைகள் அதைக் கண்டு கற்பர்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது நிலமும், ஓர் ஆசிரியரின் ஆர்வமும், இடைவிடாது நடத்தும் உறுதியும் போதும். வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை விவாதித்து, தோட்டத்திற்கான இடத்தைக் குறித்துவிடுவது நன்று.