விரிசலைத் தேடப்போய் விரிசலை உண்டாக்காதீர்கள்!

1. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை வரை கட்டுமரங்கள் இருந்த இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. கண்ணாடி இழைப் பாயும் ('மேட்') பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்தது இந்த ஃபைபர். இரும்பு வெல்டிங்கைச் சோதிக்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயை இதன்மேல் அடிக்காதீர்கள். அதோடு வரும் கிளீனர் இரும்பை ஒன்றும் செய்யாது, ரெசினுக்குள் ஊறிவிடும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் இடம் என்றால், மூலக்கூறுகளின் பிடி தளர்ந்து புது விரிசலே விழலாம். அடித்த அன்றே தெரியாது என்பதுதான் வம்பு.

2. முதலில் காதை நம்புங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் படகின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் 'பொத்'தென்று அமுங்கும். விமானப் பாகங்களையே இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு.

3. வெளிர்நிறப் பரப்பா? சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கலந்து தடவி, கொஞ்சம் பொறுத்து ஈரத்துணியால் துடையுங்கள். விரிசல் இருந்தால் நீலக்கோடு தங்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் துல்லியம்.

4. ஓட்டை பார்க்க மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் இறங்கிய விரிசலில் ஒட்டுப்போட்டால் ரெசின் பிடிக்காது. ஒட்டுப்போட்ட காசும் தண்டம்.

5. ரெசின் 'செட்' ஆகிவிட்டதா என்று அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். பிசுபிசுத்தால் ஆகவில்லை. சோதனை சரிதான்; ஆனால் ஒரு மூலையில், காசளவு இடத்தில் போதும். போல்ட் முடுக்கிய இடத்தில் கூடாது.

6. மாடியிலுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி பாலிஎத்திலீன். கசிவு பார்க்க நிப்பிளைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினால் உடனே நன்றாக அலசிவிடுங்கள். இறுக்கி முடுக்கிய இடத்தில் சோப்பு தங்கிக்கொண்டே இருந்தால் நாளடைவில் மயிரிழை வெடிப்பு விடலாம். ஆய்வகத்தில் பாலிஎத்திலீனை வெடிக்கவைத்துச் சோதிப்பதற்கே சோப்பு மாதிரியான திரவம்தான் பயன்படுகிறது!

7. இண்டேனின் 10 கிலோ காம்போசிட் சிலிண்டரும் உள்ளே பாலிஎத்திலீன், நடுவில் கண்ணாடி இழைச் சுற்று. வால்வில் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம்.

8. ஹெல்மெட்டில் கீறலா, வெடிப்பா என்று பார்க்கப் பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். ஓடு வலுவிழக்கலாம். தண்ணீரில் நனைத்த துணியே போதும்; வெடிப்பு என்று தெரிந்தால் வேறு வாங்குங்கள், ஒட்டாதீர்கள்.