பூஜ்யம் வந்தால் நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் செய்யும் சிறு செயற்கைக்கோளில் கைகர் குழாய் வைத்து விண்வெளிக் கதிர்வீச்சை அளக்கப் போகிறோம். திரும்பி வராத ஒரு கருவி அனுப்பும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: நிறைய நம்பலாம். பூஜ்யம் வந்தால் மட்டும் நம்பாதீர்கள். இதில் முதலில் ஏமாறியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர்.

1958 ஜனவரி கடைசியில் அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர்-1இல், அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழு ஒரு கைகர் குழாயை வைத்திருந்தது. தாழ்வான உயரத்தில் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி வந்தது. மேலே போனதும் சில சமயம் ஒன்றுமே இல்லை. டேப் ரெக்கார்டர் கிடையாது. தரை நிலையத்துக்கு மேலே பறக்கும்போது கிடைத்த துண்டுத் தகவல்கள்தான். கருவி கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம்.

மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர்-3இல் டேப் இருந்தது. ஒரு முழுச் சுற்றின் பதிவில் எண்ணிக்கை சரசரவென்று ஏறி, உச்சிக்குப் போய், திடீரென்று பூஜ்யமாகி, பிறகு பழையபடி திரும்பியது. கெட்டுப்போன கருவி இப்படித் திரும்பாதே! குழுவிலிருந்த கார்ல் மெக்கில்வெய்ன் அதே மாதிரிக் குழாயை எக்ஸ்ரே கருவியின் முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவுமீறினால் குழாய் தரும் மின்துடிப்புகள் நெருங்கி மெலிந்துபோகின்றன. எண்ணும் மின்சுற்று அவற்றைக் கண்டுகொள்வதில்லை. கோயில் வாசலில் ஆட்கள் ஒவ்வொருவராக நுழைந்தால் தலையை எண்ணலாம். தேர்க்கூட்டம் முட்டினால் எண்ணுபவர் கையை விரித்துவிடுவார் அல்லவா, அப்படித்தான். அந்தப் பூஜ்யத்துக்கு ‘மிக அதிகம்’ என்று பொருள். பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் இப்படித்தான் பிடிபட்டன.

நீங்களும் இப்படி ஏமாறாமல் இருக்க, கைகர் குழாயோடு ஒரு ‘ராட்ஃபெட்’டும் வையுங்கள். கடுகளவு டிரான்சிஸ்டர்தான். அதன் ஆக்சைடு படலத்தில் கதிர்வீச்சு விட்டுப்போகும் மின்னூட்டம் சிக்கிக்கொள்ள, அது இயங்கத் தேவையான மின்னழுத்தம் மெல்ல நகரும். அந்த நகர்வே இதுவரை பட்ட மொத்த அளவு. துகள்களை எண்ணாததால் கூட்டத்தில் திணறாது. வெப்பநிலைக்கும் அது அசையும் என்பதால், பக்கத்திலேயே ஒரு வெப்பமானி அவசியம்.

தாழ்வான சுற்றுப்பாதைதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக் பகுதியில் வான் ஆலன் பட்டைகளின் உள்பட்டை கீழே இறங்கி வருகிறது. ஹப்பிள் தொலைநோக்கியே அங்கே வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவைக்கிறது.

ஏவுவதற்கு முன், அளவுதிருத்த ஆய்வகம் ஒன்றில் உங்கள் குழாயைக் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் எண்ணிக்கை சரியத் தொடங்குகிறது என்று வரைபடம் வாங்கிவிடுங்கள். மேலே போனபின் அதைச் செய்ய முடியாது.