அறைச் சுவருக்கு வெள்ளையா, இளநீலமா?

வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசி முடிந்ததும் பல குடும்பங்களில் எழும் கேள்வி இது. பெரியவர்கள் வெள்ளை என்பார்கள். பிள்ளைகள் நீலம் கேட்பார்கள். தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தை நினைவூட்டுவதால் நீலமே வேண்டாம் என்போரும் உண்டு. அதுவும் தள்ளிவிடக்கூடிய காரணம் அல்ல.

கடையிலுள்ள வர்ண அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அட்டையில் மென்மையாகத் தெரியும் நீலம் நான்கு சுவர்களிலும் ஏறியதும் கடுமையாகத் தெரியும். கிடைக்கக்கூடிய மிகச் சிறிய ரின்னில் இரண்டு நிறத்தையும் வாங்கி, இரண்டு பெரிய காட்போட் மட்டைகளில் இரு தடவை பூசுங்கள். காய்ந்தபின் முதலில் யன்னலுக்கு எதிர்ச்சுவரிலும், பிறகு யன்னல் உள்ள சுவரிலும் சாத்தி வையுங்கள். காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னரும் பாருங்கள்.

இரவில் பார்ப்பதுதான் முக்கியம். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் இளநீலம் மங்கிச் சாம்பல் போலத் தெரியும். வெள்ளைச் சுவர் அந்தச் சிறு வெளிச்சத்தையும் அறைக்குள் திருப்பித் தரும். ஒரே ஒரு யன்னல் உள்ள, பிள்ளைகள் இரவில் படிக்கும் அறைக்கு நாங்கள் வெள்ளையையே சொல்வோம். மின்சாரமும் இரு பக்கமும் யன்னலும் இருந்தால் நீலம் பூசுவதில் குறையில்லை.

வெள்ளையில் செம்மண் கறையும் பிள்ளைகளின் கை அடையாளமும் உடனே தெரியும் என்பது உண்மை. அதற்காக முழு அறையையும் நீலமாக்கத் தேவையில்லை. நிலத்திலிருந்து 3 அடி உயரத்துக்கு மட்டும் நீலம் பூசலாம். பிள்ளைகளும் சமாதானமாகி விடுவார்கள்.

இனிச் செலவு. 10 அடிக்கு 10 அடி அறை, சுவர் 9 அடி உயரமென்றால், கதவு யன்னல் கழித்து ஏறக்குறைய 320 சதுர அடி வரும். இரு தடவைக்கு 640. ஒரு லீற்றர் எவ்வளவுக்குப் போதும் என்பது ரின்னில் எழுதியிருக்கும். புதிய சாந்துச் சுவர் கூடுதலாக உறிஞ்சும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடையில் கலந்து தரும் நீலத்தை ஒரே தடவையில் வாங்க வேண்டும். அடுத்த மாதம் கலப்பது சற்று வேறுபடலாம். கையில் பணம் வரவரப் பூசுவோருக்கு வெள்ளை வசதி. கழிப்பறைக்கு இன்னும் கதவு போடவில்லையென்றால் அந்தப் பணத்தில் முதலில் கதவைப் போடுங்கள்.

எந்த நிறமாயினும் புதிய சாந்து குறைந்தது 4 வாரம் காயட்டும். ஈரச் சுவரில் பூசினால் பெயின்ற் கொப்பளித்து உரியும். மாரி தொடங்கிவிட்டால், தை பிறந்து சுவர் நன்றாக உலர்ந்த பின் பூசுங்கள்.